செயற்கை மூட்டும் நம் ஸஜ்தாவும்

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)





பல்கலைக்கழகத்தில் என்ன பாடம் நடத்துகிறீர்கள் என்று நம்மவர்கள் கேட்டால், "இயந்திரப் பொறியியல், மருத்துவப் பொறியியல் இரண்டும்" என்பேன். "அப்படியென்றால் நீங்கள் டாக்டரா, மெக்கானிக்கா?" என்றார் ஒரு பெரியவர். நியாயமான கேள்விதான். பாலத்தின் தூணில் எவ்வளவு பாரம் இறங்குகிறது என்று பார்க்கும் அதே கணக்கை மனிதனின் எலும்புக்குப் போடுவதுதான் எங்கள் வேலை.

முதலாண்டு மாணவர்களுக்கு நான் கொடுக்கும் முதல் கணக்கு முழங்கால். 60 கிலோ எடையுள்ள ஒருவர் சமதரையில் நடக்கிறார். அவர் மூட்டின் மேல் எவ்வளவு பாரம்? பெரும்பாலோர் 60 என்று எழுதுவார்கள். உண்மையில் அது உடல் எடையைப் போல ஏறத்தாழ இரண்டரை மடங்கு, அதாவது 150 கிலோ அளவுக்குப் போகும். தசைகள் மூட்டை இறுக்கிப் பிடிப்பதால் வரும் கூடுதல் அது. படி இறங்கும்போது இன்னும் ஏறும். இதைக் கேட்டதும் வகுப்பில் எல்லாரும் ஒருமுறை தங்கள் காலைப் பார்த்துக்கொள்வார்கள்!

அடுத்து ஜான் சார்ன்லியைப் பற்றிச் சொல்வேன். இங்கிலாந்தில் ரைட்டிங்டன் மருத்துவமனையில் இடுப்பு மூட்டு மாற்று அறுவை செய்தவர். 1950களின் இறுதியில் டெஃப்லானில் கிண்ணம் செய்து நோயாளிகளுக்குப் பொருத்தினார். முதலில் எல்லாரும் வலியின்றி நடந்தார்கள். சில ஆண்டுகளில் டெஃப்லான் தேய்ந்தது. உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைப் புண்ணாக்கின. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? அந்தப் பொருளைத் தம் தொடையிலேயே புதைத்துச் சோதித்துப் பார்த்தார். 1962இல் பாலிஎத்திலீனுக்கு மாறினார். இன்றைக்கும் செயற்கை மூட்டுகளில் பெரும்பாலும் உலோகத்தோடு உரசுவது பாலிஎத்திலீன் குடும்பத்துப் பொருள்தான். பொருளைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு பொறியாளருக்கு எவ்வளவு பொறுப்பு இருக்கிறது என்பதை இதைவிட நன்றாக விளக்கும் பாடம் எனக்குக் கிடைக்கவில்லை.

இனி நம் விஷயத்துக்கு வருகிறேன். சவுத் பிரிட்ஜ் ரோடு சூலியா பள்ளியானாலும் வேறு எந்தப் பள்ளியானாலும், சஃப்பின் ஓரத்தில் நாற்காலிகள் போட்டிருப்பதைப் பார்க்கிறோம். அவற்றில் அமர்ந்து தொழுபவர்களில் முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்களும் உண்டு. இயலாதவருக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது, அல்ஹம்துலில்லாஹ். ஆனால் நெற்றியைத் தரையில் வைக்க முடியவில்லையே என்று அவர்கள் படும் மனவருத்தம் நம் வீடுகளில் தெரிந்ததுதான்.

நடப்பதற்கு முழங்கால் 60, 65 பாகை மடங்கினால் போதும். நாற்காலியிலிருந்து எழ 90 அல்லது அதற்குச் சற்று மேல். மண்டியிட்டு குதிகாலின் மேல் அமர 150 பாகையை ஒட்டி வேண்டும். செயற்கை முழங்காலோ பொதுவாக 110, 120 வரைதான் மடங்குகிறது. அதிகம் மடங்கும்போது உலோகமும் பிளாஸ்டிக்கும் தொடும் பரப்பு சுருங்கிவிடுகிறது. அதே பாரம் சிறிய இடத்தில் அழுத்துவதால் பிளாஸ்டிக் சீக்கிரம் தேயும். நாற்காலியில் வாழும் மக்களை மனத்தில் வைத்து வளர்ந்த வடிவமைப்பு இது. கூடுதலாக மடங்கும் மாதிரிகளும் சந்தைக்கு வந்தன. எதிர்பார்த்த அளவுக்கு அவை வித்தியாசம் காட்டவில்லை. அறுவைக்கு முன் கால் எவ்வளவு மடங்கியதோ, அதைப் பொறுத்தே பின்னால் மடங்குவதும் பெரும்பாலும் அமைகிறது. எனவே வலிக்கிறது என்று காலை நீட்டியே வைத்திருக்கும் அம்மாமார்களை இயன்முறை மருத்துவரிடம் அழைத்துப் போங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

விழா மேடைகளில் அல்ஜஸரியின் பெயரைச் சொல்லிப் பெருமைப்படுவது நமக்கு வழக்கம். 1206இல் முடித்த நூலில் அவர் விவரிக்கும் கருவிகளில் ஒன்று, அரசர் உளூ செய்யத் தண்ணீர் ஊற்றுவது. வேலையாள் ஊற்றுவதை அரசர் விரும்பவில்லை, அதனால் செய்தார். இன்று நம் தொழுகைக்கேற்ற மூட்டை யார் வரைவது? நன்றாகப் படிக்கும் பிள்ளையை டாக்டருக்கு மட்டும்தான் அனுப்புவேன் என்று பெற்றோர் நின்றால் அந்த மேசை காலியாகவே இருக்கும். பாலிடெக்னிக் வழியாக வந்த மாணவர்கள் என் வகுப்பில் கடைசல் எந்திரத்தின் முன் நிற்கும் தெம்பைப் பார்த்தால், அந்த வழியைக் குறைவாக நினைக்க மாட்டீர்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். தொழுகையின் ஒவ்வொரு நிலையிலும் முழங்கால் எத்தனை பாகை மடங்குகிறது என்று என் மாணவர்கள் அளந்து வருகிறார்கள். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிக்குழு ஒப்புதல் தந்திருக்கிறது. ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. உடையின் மேல் சிறு உணரிகளைக் கட்டிக்கொண்டு இரண்டு ரக்அத் தொழுதால் போதும். ஆண்கள் நிறையப் பேர் வந்துவிட்டார்கள். மூட்டுத் தேய்மானம் அதிகம் வருவது பெண்களுக்கு. அவர்கள் அமரும் முறையும் வேறு. ஆனால் வந்த பெண்கள் மிகக் குறைவு. தனி அறை இருக்கிறது, அளப்பதும் மாணவியர்தான். விண்ணப்பப் படிவம் செயலாளரிடம் இருக்கிறது. இன்று அஸருக்குப் பிறகு இரண்டு மாணவியர் மகளிர் பகுதியில் காத்திருப்பார்கள்.