நூறு கடை இருந்தா போதுமா?



எதிரணித் தோழர் என்ன சொன்னார்? "ஒரே கிஃப்ட் கார்டு, நூறு கடை, இஷ்டப்பட்டதை வாங்கிக்கலாம். மொய்க் கவரைவிட இதுதான் உசத்தி"ன்னார். ஐயா, கல்யாணம் முடிஞ்ச ராத்திரி, பெண்ணைப் பெத்தவர் முன்னாடி யார் நிக்கிறாங்க? சமையல்காரர், பந்தல்காரர், நாதஸ்வரக்காரர்! உங்க நூறு கடையிலே இந்த மூணு பேர் உண்டா? (கைதட்டல்)

மொய்ப் பணம் அந்த ராத்திரியே கைகொடுக்கும். இன்னிக்கு நான் உனக்கு, நாளைக்கு நீ எனக்கு. அதுக்குத்தானே மொய் நோட்டு!

கார்டுக்கோ விதியே கைவிலங்கு. ரிசர்வ் வங்கியின் 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பரிசு கார்டில் 10,000 ரூபாய்க்கு மேல் கூடாது. மறுபடி பணம் ஏற்ற முடியாது. ரொக்கமாக எடுக்கவும் முடியாது. 1,000 ரூபாய் கார்டுல 970-க்குப் புடவை எடுத்தா, மிச்சம் 30 ரூபாயை வச்சுக்கிட்டு பூக்காரம்மாகிட்டே ஒரு முழம் மல்லிகை கேட்டுப் பாருங்க! (சிரிப்பு) அதுல காலாவதித் தேதி வேற. மொய்க் கவர்ல ஒட்டியிருக்கிற ஒத்தை ரூபாய்க்கு ஏதய்யா காலாவதி? (பலத்த கைதட்டல்)

கொடுக்கிறவருக்கு அலைச்சல் மிச்சம், ஒத்துக்கறேன். ஆனால் பரிசு வாங்குகிறவருக்காகத்தானே? ஆகவே, அவசரத்துக்கு உதவுவது மொய்க் கவரே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு நடுவர் அவர்களைக் கேட்டு அமர்கிறேன்.