தொழில் பழகும் பிள்ளைகளும் ஒப்பந்தப் பத்திரமும்

(ஊராட்சி ஒன்றியக் கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஆற்றிய உரை)



ஓர் ஏக்கர் நிலத்தைக் குத்தகைக்கு விடுவதாயின் நான்கெல்லையைக் கேட்கிறோம், தவணையைக் கேட்கிறோம், சாட்சி வைத்துக் கையொப்பமிடுகிறோம். பெற்ற பிள்ளையை ஆலைக்குத் தொழில் பழக அனுப்பும்போதோ, நீட்டிய காகிதத்தைப் படித்துப் பாராமலே கைநாட்டு வைத்துவிடுகிறோம். இவ்வழக்கம் மாறவேண்டும்.

தொழிற்பழகுநர்க்கென நம் நாட்டில் 1961-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் இயற்றப்பட்டது. அதன்படி 14 வயது நிறையாதவரைச் சேர்த்தல் கூடாது. அபாயகரமான தொழில்களுக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பயிற்சிக்கு முன் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பிள்ளை மைனராயின் பெற்றோரோ காப்பாளரோ அதில் கையொப்பமிட வேண்டும். அதனைத் தொழிற்பழகுநர் ஆலோசகருக்குப் பதிவுக்கு அனுப்புவது தொழில் நிலையத்தாரின் கடமை.

இதில் என்ன அவ்வளவு முக்கியம் என்று கேட்கலாம். சட்டத்தின் பார்வையில் தொழிற்பழகுநர் பயிற்சி பெறுபவரேயன்றித் தொழிலாளர் அல்லர். தொழிலாளர்க்குரிய சட்டங்கள் பொதுவாக அவருக்குப் பொருந்தா. ஆகவே, பதிவான ஒப்பந்தமே அவருடைய பயிருக்கு வேலி.

அவ்வேலிக்குள் அவருக்குக் கிடைப்பவை யாவை? முதலாவது, மாதந்தோறும் உதவித்தொகை. 2019-ஆம் ஆண்டு விதித் திருத்தம் கல்வித் தகுதிக்கேற்பக் குறைந்த அளவை ரூ.5,000 முதல் ரூ.9,000 வரை நிர்ணயித்தது. செய்த உருப்படிகளை எண்ணிக் கூலி தருதல் கூடாது. இரண்டாவது, ஆலோசகரின் அனுமதியின்றி மிகைநேர வேலை வாங்குதல் கூடாது. மூன்றாவது, பயிற்சியின்போது விபத்தில் காயமுற்றால் இழப்பீடு உண்டு. தகராறு எழுந்தால் ஆலோசகரிடமே முறையிடலாம்.

கடமையும் உண்டு. ஊக்கத்துடன் பயிலவேண்டும். தக்க காரணமின்றி இடையில் விலகினால், பயிற்சிச் செலவைப் பெற்றோர் திருப்பித் தர நேரிடும். பயிற்சி முடிந்ததும் வேலை கட்டாயம் என்று எண்ணிவிட வேண்டாம். வேலை தருவதாக வாய்ச்சொல் சொன்னால், அதனை ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள்.

கொங்கு நாட்டிலும் திண்டுக்கல் பகுதியிலும் நூற்பாலைகள் சில, ‘சுமங்கலித் திட்டம்’ முதலிய பெயர்களில் சிற்றூர்ப் பெண்களைப் பயிற்சிக்கென்று சேர்த்ததை நாம் அறிவோம். மூன்றாண்டு முடிவில் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்பது வாக்குறுதி. தவணை முடியுமுன் நோயுற்று வீடு திரும்பிய பெண்கள் பலர் அத்தொகையை இழந்தனர். மாதந்தோறும் தரவேண்டியதை ஆண்டுக் கணக்கில் நிறுத்தி வைப்பது எவ்வகையிலும் முறையான பயிற்சி ஆகாது. தரகர் முன்பணம் நீட்டும்போது, பதிவு பெற்ற ஒப்பந்தம் எங்கே என்று கேளுங்கள்.

ஊராட்சி மன்றங்கள் செய்யத்தக்கவை இரண்டு. பயிற்சிக்குச் செல்லும் ஒவ்வொருவரின் பெயர், வயது, ஆலையின் பெயர், ஒப்பந்தப் பதிவு எண் ஆகியவற்றை ஒரு பதிவேட்டில் குறித்து வையுங்கள். எழுத்தறியாத பெற்றோர்க்கு ஒப்பந்தத்தை உரக்கப் படித்துக் காட்ட, உறுப்பினர் ஒருவரையோ ஆசிரியரையோ ஏற்பாடு செய்யுங்கள். படித்துக் காட்டிய பின்னரே கையொப்பம். கையொப்பத்தின் பின் ஒரு பிரதி பெற்றோர் கையில்.

இதற்குப் பெரும் பணம் வேண்டியதில்லை. அரை மணி நேரமும் அக்கறையும் போதும். நம் ஊர்ப் பிள்ளைகள் தொழில் கற்றுத் திரும்பட்டும். ஏமாந்து திரும்ப வேண்டாம்.