வளர்ப்புப் பெற்றோருக்கும் துணை தேவை

பெற்றோரின் பராமரிப்பை இழந்த குழந்தையை இல்லத்தில் சேர்ப்பதைவிட ஒரு குடும்பத்தில் வளர்ப்பதே மேல் என்கிறது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன் 44-ஆவது பிரிவின்படி, குடும்பத்தின் நோக்கத்தையும் திறனையும் பார்த்து, குழந்தையை அதனிடம் ஒப்படைக்கக் குழந்தைகள் நலக்குழு ஆணையிடுகிறது. மாதந்தோறும் ஆய்வும் உண்டு. மிஷன் வாத்சல்யா திட்டத்தில் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய் உதவித்தொகை உண்டு.

பணம் மட்டும் போதாது. அடியும் பசியும் கண்ட குழந்தை சோற்றைப் பதுக்கி வைக்கலாம், இரவில் அலறலாம், அன்பு காட்டுபவரையே உதறித் தள்ளலாம். பார்ப்பவருக்குப் பிடிவாதமாகத் தெரியும் இதற்கெல்லாம் வேர் பயம். இதை முன்கூட்டியே சொல்லித்தந்தால்தான் வளர்ப்பவர்கள் கோபப்படாமல் பொறுத்திருப்பார்கள். பயிற்சி ஒருநாள் கூட்டத்தோடு முடிந்துவிடவே கூடாது. குழந்தை வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான ஐயங்கள் எழும். அப்போது கேட்டதும் வழிசொல்ல ஓர் ஆலோசகர் வேண்டும். வளர்க்க விரும்புவோர் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகை அணுகலாம்.