நாடியும் கேடயச் சுரப்பியும்



வன்னிப் பெருநிலத்திலே ஒருவர் நெஞ்சு படபடக்கிறது என்று சொன்னால், அதற்குக் காரணம் தேடி நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை என்றே பலரும் எண்ணுவர். 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே உற்றாரை இழந்த குடும்பங்கள் இங்கே மிகப் பல. ஆகவே உறக்கமின்மை, கைநடுக்கம், உடல் மெலிவு, படபடப்பு ஆகியவற்றைக் கண்டதும், "மனக்கவலைதான், வேறென்ன?" என்று சுற்றத்தார் முடிவு கட்டிவிடுவர். அது பல வேளைகளில் உண்மையாகவும் இருக்கலாம். ஆயினும், இதே குறிகளைக் காட்டும் வேறொரு நோயும் உண்டு. அது கழுத்திலே தோன்றி இதயத்தைத் தாக்குவது.

குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் அமைந்திருப்பது கேடயச் சுரப்பி. அது சுரக்கும் தைரொக்சின் முதலிய பொருள்களே உடலின் வேகத்தை வகுப்பவை. அவை அளவு மீறினால் உடல் வெதும்பும்; வியர்க்கும்; நன்றாக உண்டும் மெலியும். டப்ளின் நகர மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ், கண்டமாலையும் கடும் நெஞ்சுத் துடிப்பும் ஒருங்கே கொண்ட பெண்களைப் பற்றி 1835 இல் எழுதினார். இந்நோயின் முதன்மையான வகை இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது.

இதயம் மின்துடிப்பால் இயங்குவது. வலது சோணையறையின் மேற்புறத்திலுள்ள ஒரு சிறு கணு, ஓய்வில் நிமிடத்துக்கு 60 முதல் 100 தடவை வரை மின்துடிப்பை எழுப்புகின்றது. குளத்துத் துருசைத் திறந்து வாய்க்கால் வழியே முறைப்படி நீர் விடுவதைப் போல, அத்துடிப்பு ஒழுங்காகக் கீழறைகளுக்குச் செல்லும். தைரொக்சின் மிகுந்தால் அக்கணு விரைந்து துடிக்கும். அன்றியும், சோணையறைத் தசை ஒரு துடிப்புக்குப் பின் இளைப்பாறும் நேரமும் குறுகிவிடும். அப்பொழுது வரம்புடைந்த வயலிலே வெள்ளம் திசைதோறும் பாய்வதைப் போல, நிமிடத்துக்கு 350 க்கும் மேற்பட்ட மின்னலைகள் அங்கே தாறுமாறாகச் சுழலும். சோணையறை சுருங்காது வெறுமனே நடுங்கும். அதனுள் தேங்கும் குருதி உறைந்து, அக்கட்டி மூளைக்குச் சென்று நாளத்தை அடைத்தால் பாரிசவாதம் நேரும். இந்நோயின் பேராபத்து இதுவே.

கவலையால் வரும் படபடப்பையும் இதனையும் வேறுபடுத்துவது எங்ஙனம்? வீட்டிலேயே செய்யத்தக்க சோதனை ஒன்று உண்டு. உறங்குபவரின் மணிக்கட்டிலே விரல் வைத்து, ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள். கவலையால் விரையும் நாடி பெரும்பாலும் உறக்கத்தில் அடங்கும். சுரப்பியால் விரையும் நாடி உறக்கத்திலும் விரைந்தே இருக்கும். கையைத் தொட்டுப் பாருங்கள்: கவலையுற்றவர் கை குளிர்ந்து வியர்த்திருக்கும், இந்நோயாளியின் கை வெம்மையாக இருக்கும். இவை ஐயத்தை எழுப்பும் குறிகளேயன்றி முடிந்த முடிபுகள் அல்ல. முதியோரிடத்தில் கழுத்து வீக்கமோ நடுக்கமோ இன்றி, களைப்பும் ஒழுங்கற்ற நாடியும் மாத்திரமே தோன்றுவதுமுண்டு.

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மூன்று மாவட்டங்களிலும் பொது வைத்தியசாலைகள் உள்ளன. அரசாங்க வைத்தியசாலையிலே சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. இதயத்தின் மின்வரைபும் ஒரு குருதிச் சோதனையும் உண்மையைக் காட்டிவிடும். சுரப்பை அடக்கக் காபிமசோல், துடிப்பைத் தணிக்கப் புரொப்பிரனலோல் போன்ற மருந்துகள் உண்டு. கதிரியக்க அயடீனும் அறுவையும் வேறு வழிகள். காபிமசோல் உண்பவருக்குத் தொண்டை நோவோ காய்ச்சலோ கண்டால், மருந்தை நிறுத்தி அன்றே வைத்தியரிடம் செல்ல வேண்டும். ஆஸ்துமா உள்ளவர் புரொப்பிரனலோல் பெறுமுன் அதனை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். சுரப்பி அடங்கியபின் பலருக்கு இதயமும் தன் பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிடுகின்றது.

துயரத்துக்கு ஆறுதல் சொல்லுதல் நம் கடமை. ஆனால் ஆறுதல் சொல்லும் அந்தக் கை, நாடியையும் ஒரு நிமிடம் தொட்டுப் பார்க்கட்டும். தீர்க்கக்கூடிய நோயொன்றைத் தீராத துயரம் என்று எவரும் சுமந்து திரிய வேண்டியதில்லை.