பம்பரமும் துப்பாக்கிக் குண்டும்

(இயற்பியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் கற்பித்து வருகிறேன். சுழற்சி இயக்கத்தை எளிமையாகக் கற்பிப்பது பற்றிப் பேசச் சொன்னார்கள். எளிமையாக்குகிறேன் என்று நான் செய்த ஒரு தவறிலிருந்து தொடங்குகிறேன்.

பதினொன்றாம் வகுப்பில் கோண உந்தம் நடத்தும்போது புள்ளலூரிலிருந்து ஆரம்பிப்பேன். நம் மாவட்டத்து ஊர். 1780 செப்டம்பர் 10 அன்று ஹைதர் அலி, திப்பு சுல்தான் படைகளிடம் கர்னல் பெய்லியின் ஆங்கிலேயப் படை தோற்றது அங்கேதான். மைசூர்ப் படை இரும்புக் குழல் ராக்கெட்டுகளை ஏவியது. திப்புவின் ராக்கெட் படையைக் காட்டும் ஓவியத்தை அமெரிக்காவின் வாலப்ஸ் தீவில் பார்த்து வியந்ததாக அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். இதைச் சொன்னதும் வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்துவிடும்.

அந்த ராக்கெட்டில் ஏன் நீளமான மூங்கில் கழியைக் கட்டினார்கள்? நீளமான எந்தப் பொருளும் காற்றில் வேகமாகப் போகும்போது குப்புறக் கவிழப் பார்க்கும். அதைத் தடுக்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று வால் வைப்பது: அம்பின் இறகும் ராக்கெட்டின் கழியும் அப்படித்தான். மற்றொன்று சுழலவிடுவது. 1844இல் வில்லியம் ஹேல் என்ற ஆங்கிலேயர் கழியை நீக்கிவிட்டு, ராக்கெட்டையே சுழல வைத்தார். ரைஃபிளில் செய்வதும் இதுதான். குழலின் உட்புறத்தில் திருகுபோல வரிப்பள்ளங்கள் இருக்கும். குண்டு அவற்றைக் கவ்வியபடி சுழன்றுகொண்டே வெளியேறும்.

எவ்வளவு சுழற்சி என்பதை, ஒரு முழுச் சுற்றுக்கு எத்தனை அங்குலம் என்று சொல்வார்கள். நம் தேசிய மாணவர் படைப் பிள்ளைகள் சுடும் .22 ரைஃபிளில் பொதுவாக 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று. பழைய .303 ரைஃபிளில் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. "எதில் முறுக்கு அதிகம்?" என்று கேட்டேன். பெரும்பாலோர் 16 என்றார்கள். பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண் ஒருத்தி மட்டும், "10தான் சார். வீட்டுல இஞ்சுக்கு எத்தனை முறுக்குன்னு பார்ப்பாங்க, இது அதுக்குத் தலைகீழ்" என்றாள். பட்டுநூலில் பாவுக்கு ஒரு முறுக்கு, ஊடைக்கு ஒரு முறுக்கு என்று பார்த்து வளர்ந்த பிள்ளை.

பிறகு நான் சொன்னதுதான் தவறு. "குண்டின் எடை கூடக்கூட அதிகச் சுழற்சி வேண்டும்" என்றேன். எங்கோ படித்தது. அடுத்த வாரத் தேர்வில் அதையே இரண்டு மதிப்பெண் கேள்வியாகக் கேட்டேன். அந்தப் பெண் 'எடை அல்ல, நீளம்' என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையால் அடித்துப் பூஜ்யம் போட்டேன்.

மறுநாள் இடைவேளையில் அட்டையும் பென்சில் துண்டுமாக வந்து நின்றாள். "சார், ஒரு நிமிஷம் பார்க்கிறீங்களா?" வட்ட அட்டையின் நடுவே பென்சிலைச் செருகிய பம்பரம் அது. அட்டை கூர்முனைக்குப் பக்கத்தில் இருந்தபோது விரலால் இலேசாகத் திருகினாலே நின்று சுற்றியது. அட்டையை மேலே ஏற்றியதும் அதே வேகத்தில் சாய்ந்து விழுந்தது. பழையபடி கீழே இறக்கி, இன்னும் இரண்டு அட்டைகளை ஒட்டினாள். எடை கூடிவிட்டது, ஆனாலும் பழைய வேகத்திலேயே நின்றது. "எடை கூடினா விழலையே சார், உசரம் கூடினாத்தானே விழுது?"

என்னிடம் பதில் இல்லை. "நாளைக்குச் சொல்றேம்மா" என்று அனுப்பிவிட்டேன்.

அன்றிரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். பம்பரம் சாயாமல் நிற்கத் தேவையான குறைந்தபட்சச் சுழற்சிக்கான சமன்பாட்டில் நிறை அடிபட்டுப் போகிறது, வடிவம் மட்டுமே மிஞ்சுகிறது. குண்டில் இன்னும் ஒரு படி மேல். பம்பரத்தைச் சாய்ப்பது புவியீர்ப்பு. குண்டைக் கவிழ்ப்பதோ காற்றின் அழுத்தம். அந்த அழுத்தம் குண்டின் எடையைப் பார்ப்பதில்லை. ஆகவே ஒரே வடிவமும் ஒரே அளவும் உள்ள இரண்டு குண்டுகளில் எடை கூடியதற்குக் குறைந்த சுழற்சியே போதும். நான் வகுப்பில் சொன்னதற்கு நேர் எதிர்!

அப்படியானால் 'கனமான குண்டுக்கு அதிகத் திருகு' என்று சுடுபவர்கள் ஏன் சொல்கிறார்கள்? குழலின் விட்டம் மாறாது. அதே உலோகத்தில் எடையைக் கூட்ட வேண்டுமானால் நீளத்தைத்தான் கூட்ட முடியும். நீண்ட குண்டு காற்றைக் கிழித்து வெகுதூரம் வேகம் குறையாமல் போகும். எனவே வெளிநாடுகளில் நெடுந்தூர வேட்டைக்கு அதை விரும்புகிறார்கள். காரணம் நீளம்; எடை உடன் வருவது. இரண்டும் சேர்ந்தே வருவதால் நான் ஏமாந்தேன்.

1879இல் கிரீன்ஹில் என்ற கணிதப் பேராசிரியர் ஓர் எளிய விதி தந்தார். விட்டத்தின் இருமடியை 150ஆல் பெருக்கி, குண்டின் நீளத்தால் வகுத்தால், ஒரு சுற்றுக்கான தூரம் கிடைக்கும். ஈயக் குண்டுக்கான விதி என்பதால் அதில் எடையே இல்லை. .22 குண்டின் விட்டம் 5.7 மி.மீ., நீளம் ஏறத்தாழ 12 மி.மீ. கணக்கிட்டால் 406 மி.மீ. வரும், அதாவது 16 அங்குலம். விட்டம் 7.8 மி.மீ., நீளம் 30 மி.மீ. என்றால் சுமார் 12 அங்குலம். நீளத்தை 38 மி.மீ. ஆக்கினால் ஒன்பதரை அங்குலம். 12 அங்குலக் குழலில் அந்த நீளக் குண்டைப் போட்டால் அது தள்ளாடிக் கவிழலாம். இலக்குத் தாளில் வட்ட ஓட்டைக்குப் பதில் பக்கவாட்டில் மோதிய நீள ஓட்டை விழும்.

இன்னொரு சான்று. பறவைகளும் விலங்குகளும் ஈயத்தால் நஞ்சாவதைத் தடுக்க, கலிபோர்னியாவில் 2019 முதல் வேட்டையில் ஈயக் குண்டுகளுக்குத் தடை உள்ளது. செம்பின் அடர்த்தி ஈயத்தைவிடக் குறைவு. அதே எடைக்கு முழுச் செம்புக் குண்டு ஏறக்குறைய கால் பங்கு நீளமாகிவிடும். எடை மாறவில்லை, ஆனாலும் கூடுதல் திருகு தேவைப்படுகிறது. அந்தப் பெண் எழுதியது முழுக்கச் சரி.

மறுநாள் வகுப்பில் எல்லோர் முன்னிலையிலும் அந்த விடைத்தாளை வாங்கி, என் சிவப்புக் கோட்டின் கீழ் 'ஆசிரியர் தவறு' என்று எழுதி, கையொப்பமிட்டு, இரண்டு மதிப்பெண் போட்டேன். வகுப்பு ஒரு கணம் அமைதியானது. பிறகு கேள்விகள் வந்தன. அதுவரை வாயே திறக்காத ஒரு பையன், "குளிர்காலத்துல காத்து அடர்த்தியா இருக்குமே, அப்ப சுழற்சி பத்துமா சார்?" என்றான். அமெரிக்க ராணுவத்துக்கும் இதே சிக்கல் வந்தது. எம்-16 ரைஃபிளுக்கு முதலில் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்து, கடுங்குளிரில் குண்டு தள்ளாடியதால் 12 ஆக்கினார்கள். பின்னாளில் நீளமான குண்டுகள் வந்தபோது 7 ஆக்கினார்கள்.

துப்பாக்கி பற்றி வகுப்பில் பேசலாமா என்று சிலர் கேட்கக்கூடும். நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்கிறது. அதையும் சேர்த்தே சொல்லுங்கள். வேண்டாம் என்று தோன்றினால் அட்டைப் பம்பரமே போதும். அட்டையில் ஒரு புள்ளி வைத்து, கைப்பேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்தால் சுற்றுகளை எண்ணிவிடலாம். உயரத்தை மட்டும் மாற்றுங்கள். பிறகு எடையை மட்டும் மாற்றுங்கள். இரண்டையும் ஒருசேர மாற்றினால் என்னைப் போலத்தான் ஏமாற வேண்டிவரும்.

இப்போதெல்லாம் எதிர்பாராத விடையைப் பார்த்தால் உடனே அடிப்பதில்லை. பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு, "எப்படிச் சொல்றே?" என்று கேட்டுவிடுகிறேன். அந்தப் பென்சில் பம்பரம் இன்னும் என் மேசையில்தான் இருக்கிறது.