எழுத்து எத்தனை? (பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

 

நம்ம லிட்டில் இந்தியாவில், குயின் ஸ்திரீட் மாரியம்மன் கோயிலுக்குப் போகிறபோது பூ வாங்காதவர் யார்? "ஒரு முழம் குடுங்கண்ணே" என்கிறோம். கடைக்காரர் அளந்து தருகிறார். "என்னண்ணே, முழம் சின்னதா இருக்கே?" என்றால், "என் கைக்கு இதுதாம்மா முழம்" என்கிறார். இருவருமே பொய் சொல்லவில்லை. யார் கை என்பதை முதலிலேயே பேசிக்கொள்ளவில்லை, அவ்வளவுதான். கணினி உலகிலும் இந்த முழச் சண்டை ஓயாமல் நடக்கிறது. அதைப் பற்றித்தான் இன்று சில வார்த்தைகள் பேச வந்தேன்.

எழுதிய நிரலை யாரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம் என்று பொதுவில் வைக்கப்படுவது திறந்தமூல மென்பொருள். அதில் ஒருவர் ஒரு செயற்கூற்றை எழுதுகிறார். செயற்கூறு என்றால் ஃபங்ஷன். கேட்ட வேலையைச் செய்து கொடுக்கும் சிறு பகுதி. அவர் முகத்தையே பார்த்திராத இன்னொருவர் வேறொரு நாட்டில் அதை எடுத்துப் பயன்படுத்துகிறார். இருவருக்கும் நடுவே இருப்பது கையேட்டில் உள்ள ஒன்றிரண்டு வரி விளக்கம் மட்டுமே. அந்த வரி மங்கலாக இருந்தால் சண்டைதான்.

என் அனுபவம் ஒன்றைச் சொல்கிறேன். ஒரு விழாவுக்குப் பெயர்ச்சீட்டு அச்சிட வேண்டியிருந்தது. நண்பர் ஒருவர் பொதுவில் வைத்திருந்த செயற்கூற்றை எடுத்துக்கொண்டேன். 'பெயரின் முதல் 10 எழுத்தைத் தரும்' என்பதே அதன் விளக்கம். 10 எழுத்து தாராளம் என்று நினைத்து அச்சிட்டுவிட்டேன். விழாவன்று ஒரு தாயார் சீட்டோடு வந்தார். "எம்மக பேரை ஏங்க இப்படி வெட்டிட்டீங்க?" என்றார். பார்த்தால், 'கிருஷ்ணவேணி' என்ற பெயர் 'கிருஷ்ணவேண' என்று நிற்கிறது!

கி, ரு, ஷ், ண, வே, ணி. நமக்கு 6 எழுத்து. ஆனால் யூனிகோடு முறையில் கொக்கிக்கும் கொம்புக்கும் புள்ளிக்கும் தனித்தனிக் குறியீடு உண்டு. அந்தக் கணக்கில் இது 11. பதினோராவதாக இருந்த கொக்கி விழுந்துவிட்டது. நண்பரிடம் கோபித்துக்கொண்டேன். "கணினியில எழுத்துன்னா குறியீடுதானே, இது தெரியாதா?" என்றார் அவர். "எழுத்துன்னா எழுத்துதான்யா" என்றேன் நான். ஒரு வாரம் பேச்சே இல்லை.

ஆத்திரம் தணிந்தபின் ஆராய்ந்து பார்த்தேன். 'தமிழ்' என்ற சொல்லின் நீளம் என்ன என்று கேளுங்கள். பைத்தான் மொழியின் லென் செயற்கூறு 5 என்கிறது. பி.எச்.பி. மொழியின் ஸ்ட்ரிலென், யூ.டி.எஃப்-8 முறையில் பைட்டுகளை எண்ணி 15 என்கிறது. ஸ்விஃப்ட் மொழி, நம் பிள்ளைகளைப் போலவே, 3 என்கிறது. ஆனால் நம்மில் பலர் ஒரே எழுத்தாகக் கருதும் 'க்ஷ' அதற்கு 2! மூன்றும் அதனதன் கணக்கில் சரியே. ஆனால் பைத்தான் கையேடு, உருப்படிகளின் எண்ணிக்கையே நீளம் என்கிறது. தமிழில் உருப்படி எது என்று அந்த வரி சொல்லுமா?

இது தமிழுக்கு மட்டும் வந்த சங்கடம் அன்று. 2018ஆம் ஆண்டு, போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தை உருவாக்குபவர்களுக்கும் லினக்ஸ் கருவை உருவாக்குபவர்களுக்கும் ஒரு பெரிய விவாதம் எழுந்தது. தரவை வட்டில் உறுதியாக எழுதச் சொல்லும் செயற்கூறு எஃப்சிங்க். அது ஒருமுறை 'முடியவில்லை' என்றால், மறுபடி கேட்டால் மறுபடி எழுதிப் பார்க்கும் என்று தரவுத்தளக்காரர்கள் நம்பியிருந்தார்கள். லினக்ஸோ, எழுதாமலே இரண்டாம் முறை 'ஆயிற்று' என்று சொல்லக்கூடியதாக இருந்தது. 'பிழையை ஒருமுறை சொல்லிவிட்டோம். எழுத முடியாத தரவை நினைவகத்தில் எத்தனை நாள் சுமப்பது?' என்பது அவர்கள் பக்கத்து நியாயம். பிழைக்குப் பின் என்ன ஆகும் என்பதைக் கையேடு தெளிவாகச் சொல்லியிருக்கவில்லை. 2019 பிப்ரவரியில் போஸ்ட்கிரெஸ் தன் வழக்கத்தை மாற்றிக்கொண்டது. பிழை வந்ததும் உடனே நின்று, தன் பதிவேட்டிலிருந்து மீண்டுகொள்ளும்படி செய்தார்கள்.

நம் முன்னோர் இதில் எவ்வளவு கவனமாக இருந்தார்கள் பாருங்கள். கட்டளைக் கலித்துறை, அபிராமி அந்தாதி அமைந்த யாப்பு. அதற்கு எழுத்துக் கணக்கு உண்டு. அடி நேரசையில் தொடங்கினால் 16 எழுத்து. நிரையசையில் தொடங்கினால் 17. இதோடு விட்டார்களா? 'ஒற்று நீக்கி எண்ணுக' என்றும் சொன்னார்கள். எதை எண்ண வேண்டும், எதை விட வேண்டும் என்று சேர்த்துச் சொன்னதால்தான் இன்றும் அந்தக் கணக்கில் குழப்பமில்லை.

மாணவச் செல்வங்களே, எழுதியவர் மனத்தில் இருப்பது படிப்பவர் கையில் இருக்காது. நீங்கள் ஒன்றை எழுதும்போது எண்ணுவதையும் சொல்லுங்கள், விடுவதையும் சொல்லுங்கள். ஓர் உதாரணமும் காட்டுங்கள். பிறர் எழுதியது புரியாவிட்டால் வெட்கப்படாமல் கேளுங்கள். திறந்தமூல உலகில் ஒரு மங்கலான வரியைத் திருத்திக் கொடுப்பதும் பெரிய தொண்டு. அதற்கு நிரல் எழுதத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. எழுத்து எது என்று தெரிந்தால் போதும். அதை உங்களுக்கு இந்தப் பள்ளி ஒன்றாம் ஆண்டிலேயே சொல்லிக் கொடுத்துவிட்டது.

என் நண்பரும் நானும் பிறகு ஒன்றாக உட்கார்ந்து அந்த ஒரு வரியைத் திருத்தினோம். 'குறியீடுகளை எண்ணும்; எழுத்துகளை அன்று' என்று சேர்த்து, கீழே உதாரணமாக ஒரு பெயரையும் போட்டோம். எந்தப் பெயர் என்று நான் சொல்லவும் வேண்டுமோ?