வேலி ஓணானும் தாடி ஓணானும்

ஆரணியில் காலையில் தெருவில் நெசவுக்குப் பாவு நீட்டும் நேரத்தில் பக்கத்து வேலியைப் பாருங்கள். இனப்பெருக்கக் காலத்தில் ஆண் ஓணானுக்குத் தலையும் தோளும் சிவந்துவிடும், தொண்டை கறுக்கும். தலையை ஆட்டி, முன்னங்காலை ஊன்றி எழுந்து எழுந்து இறங்கும். இன்னொரு ஆண் எல்லைக்குள் வந்தால் கடிதான்.

கண்ணாடித் தொட்டியில் செல்லப்பிராணியாக வளர்க்கப்படும் ஆஸ்திரேலியாவின் தாடி ஓணானும் அதே அகாமிடே குடும்பம்தான். குணமும் அதேதான். கோபம் வந்தால் தாடி கறுக்கும். வேலி ஓணான் தோற்றால் ஓடிவிடும். தொட்டியில் எங்கே ஓடுவது?

ஒரே தொட்டியில் இரண்டை வைத்து, ஒன்றின் முதுகில் ஒன்று ஏறிப் படுத்திருந்தால், "ஆஹா, என்ன பாசம்!" என்று படம் எடுக்கிறார்கள். பாசமெல்லாம் இல்லை. மேலே இருப்பது விளக்கின் சூட்டையும் புறஊதா ஒளியையும் பறித்துக்கொள்கிறது. கீழே இருப்பது சரியாகத் தின்னாது, மெலியும். முன்னங்காலை மெல்லச் சுழற்றினால் அது டாட்டா அல்ல, "விட்டுவிடு" என்ற பணிவு. குட்டிகள் இரைக்குப் பாயும்போது பக்கத்துக் குட்டியின் விரலையும் வால் நுனியையும் கடித்துவிடும். பல்லி வால் மறுபடி முளைக்கும், இவை முளைக்காது.

இரண்டு ஆண்களை ஒன்றாக வைக்கவே கூடாது. ஆணும் பெண்ணும் என்றால் ஓயாத துரத்தல், முட்டை மேல் முட்டை. இரண்டு பெண்களும் சண்டை போடும். ஆளுக்கொரு தொட்டி, வளர்ந்ததற்கு 4 அடி நீளமாவது வேண்டும். தொட்டிகள் அருகருகே இருந்தால் ஒன்றையொன்று பார்க்காதபடி நடுவே ஓர் அட்டையை வையுங்கள்.